கண் எந்தப் பக்கம் நடக்கிறது?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைத் தேர்தலைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இருக்கின்றன. எழுத்து இடமிருந்து வலமாக ஓடுகிறது. வரியோடு நகர்ந்தால் நாமும் வலக்கைப் பக்கம் நகர்வோம். கோயிலை வலம் வருபவர் போவதோ அதற்கு நேர் எதிர்த் திசையில்!

புகைப்படம் பார்க்கையிலும் இந்த இழுபறி உண்டு. தமிழ் படித்துப் பழகிய கண் படத்துக்குள் பெரும்பாலும் இடப்பக்கமாகவே நுழைகிறது. வலப்பக்கம் நோக்கி ஓடும் மாட்டுவண்டி கிளம்பிப் போவதாகவும், அதே படத்தைக் கண்ணாடியில் காட்டினால் வீடு திரும்புவதாகவும் பலருக்குத் தோன்றும். சில்வி ஷோக்ரோன், மரியா தே அகொஸ்தினி இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே படத்தை நேராகவும் இடவலம் மாற்றியும் காட்டி எது அழகு என்று கேட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வலப்பக்கம் நோக்கிய படத்தையும், ஹீப்ரு படிக்கும் இஸ்ரேலியர்கள் இடப்பக்கம் நோக்கியதையும் அதிகம் விரும்பினார்கள். 19-ஆம் நூற்றாண்டு ஸ்டுடியோ படங்களை ஒப்பிட்ட கார்மென் பெரெஸ் கொன்சாலெஸும், ஈரானியப் படங்களில் ஆட்களை நிறுத்திய முறை ஸ்பெயின் படங்களுக்குக் கண்ணாடி பிம்பம் போல இருந்ததைக் காட்டினார்.

எல்லாவற்றையும் எழுத்தின் தலையில் கட்டிவிட முடியாது. இடப்பக்கத்தைச் சற்றுக் கூடுதலாகக் கவனிக்கும் சாய்வு மூளைக்கே உண்டு. பழக்கமும் சேர்கிறது. ஜாவாவின் போரோபுதூரில் உள்சுவர்ச் சிற்பக் கதைகள் வலமிருந்து இடமாகவும், எதிரே கைப்பிடிச் சுவரில் உள்ளவை இடமிருந்து வலமாகவும் போகின்றன. ஜாவானிய எழுத்து நம்முடையதைப் போல இடமிருந்து வலம்தான். ஆனால் சிற்பி கணக்கில் எடுத்தது வலம் வருபவரின் காலை.

நம்மூர் தம்பதிப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சி கைலாசநாதர் கோயில் சோமாஸ்கந்தரில் உமை சிவனுக்கு இடப்புறம், அதாவது பார்ப்பவருக்கு வலப்புறம். பழைய ஸ்டுடியோ படங்களில் மனைவி நிற்கும் இடமும் பெரும்பாலும் அதுவே. இதில் எழுத்தைவிட மரபுக்கே பங்கு அதிகம் என்பேன்.

ஆகவே கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பக்கத்தில் பொருந்தவில்லை என்று படத்தை இடவலம் மாற்றாதீர்கள். மாற்றினால் காஞ்சிப் பட்டின் முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும். மாப்பிள்ளை சட்டையின் பொத்தான்களும் பக்கம் மாறிவிடும்.