எவர்சில்வர் குடத்துக்குள் இருக்கும் குரோமியம்: திண்டிவனம் கல்குவாரியில் கிடைக்குமா?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடம் வாங்குகிறீர்கள். அதன் எடையில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம். அது இல்லையென்றால் குடம் சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

குரோமியம் கிடைப்பது குரோமைட் என்ற கருப்புத் தாதுவிலிருந்து. திண்டிவனம் சுற்றுவட்டாரத்திலும் கருப்பு கிரானைட் வெட்டி லாரியில் ஏற்றுகிறார்கள். அப்போ இங்கேயே குரோமைட் எடுக்க முடியாதா?

முடியாது. வியாபாரத்தில் கருப்பு கிரானைட் என்று சொன்னாலும் அது டோலரைட். பாறைக்குழம்பு விரிசல்களில் ஏறி, சீக்கிரம் ஆறிப்போன கல். குரோமைட்டுக்கு அந்த அவசரம் ஆகாது. ஆழத்தில் பெரிய அளவில் தேங்கிய குழம்பு மெதுவாக ஆறும்போது, கனமான குரோமைட் துகள்கள் முதலில் உருவாகி, காபித்தூள் மண்டி மாதிரி அடியில் படியும்.

தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பகுதியில் இப்படிப் படிந்த அடுக்குகள் ஏராளம். உலக உற்பத்தியில் கிட்டத்தட்ட பாதி அந்த நாட்டிலிருந்துதான் வருகிறது. கஜகஸ்தான், துருக்கி, இந்தியா ஆகியவையும் முக்கிய நாடுகள். இந்தியாவின் குரோமைட் வளத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒடிசாவில், பெரும்பாலும் ஜாஜ்பூர் மாவட்டத்தின் சுகிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் சுத்தமாக இல்லை என்றும் சொல்ல முடியாது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் மெல்லிய அடுக்குகளாக உண்டு. ஆனால் இரும்பும் அலுமினியமும் அதிகம், குரோமியம் குறைவு. அந்த ஊர்ப் பாறையை இஸ்ரோ செயற்கை நிலவு மண் செய்யப் பயன்படுத்தியதுதான் அதைவிடப் பிரபலம்.

தாது வெட்டாத தமிழ்நாட்டுக்கு அதன் கழிவு மட்டும் வந்து சேர்ந்தது. திண்டிவனத்திலிருந்து செய்யாறு, ஆற்காடு வழியாகப் போனால் ராணிப்பேட்டை. அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, தோல் பதனிடத் தேவையான ரசாயனங்களைக் குரோமைட்டிலிருந்து தயாரித்தது.

தாதுவில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம், பெரிய ஆபத்தில்லை. குடத்தில் இருப்பது உலோகம். அதற்கும் பயப்பட வேண்டாம். ஆனால் தாதுவைச் சோடா சாம்பலுடன் சேர்த்துச் சூளையில் வறுத்தால் ஆறு இணைதிறன் குரோமியம் உருவாகும். அது தண்ணீரில் எளிதில் கரையும், புற்றுநோய் உண்டாக்கும்.

ஆலை 1990களில் மூடப்பட்டது. ஒரு லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவு திறந்தவெளியில் கிடந்து, நிலத்தடி நீரில் குரோமியம் கலந்தது. உலகின் மிக மாசுபட்ட 10 இடங்கள் என்று அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் 2006இல் ராணிப்பேட்டை இருந்தது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் சுகிந்தா.