கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வண்டி

விடுதிக்குப் போன் செய்து, “தனியாத்தான் வர்றேன், ஸ்கூட்டரோட வர்றேன்” என்று சொன்னால் மறுமுனையில் அநேகமாக ஒரே பதில்தான்: “பார்க்கிங் இருக்கு மேடம், கவலைப்படாதீங்க.” அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் ஸ்கூட்டர் என்றால் பெட்ரோல் வண்டி. மாற்றுத்திறனாளியின் ஸ்கூட்டர் என்றால் பின்சக்கரத்தின் இருபுறமும் கூடுதல் சக்கரம் மாட்டிய பெட்ரோல் வண்டி. நான் கொண்டுபோவது லிஃப்டில் ஏறி, வராந்தாவில் ஓடி, அறைக்குள் நுழைந்து, இரவில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய வண்டி.

மொபிலிட்டி ஸ்கூட்டர் என்று பெயர். மூன்று அல்லது நான்கு சின்னச் சக்கரங்கள், ஓர் இருக்கை, அதற்கடியில் பேட்டரி, முன்னால் கைப்பிடியோடு ஒரு தண்டு. கைப்பிடியில் உள்ள நெம்புகோலை விரலால் அழுத்தினால் நகரும், விட்டால் தானே பிரேக் பிடித்து நின்றுவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் ஒரு முனையில் முயல் படம், மறுமுனையில் ஆமை. விடுதி அறைக்குள் ஆமைக்கு மட்டும்தான் வேலை. பத்தடி எடுத்துவைக்க முடியும், நூறடி நடக்க முடியாது என்ற நிலையில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் இதை ஓட்டுகிறார்கள். மூட்டுவாதக்காரர்கள், மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் உள்ளவர்கள், இதயமோ நுரையீரலோ தளர்ந்தவர்கள், என்னைப்போலச் சிறுவயதில் போலியோ கண்டு நடுவயதில் மறுபடியும் தசை சோர்ந்துபோனவர்கள்.

‘மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற அறை’ என்று விடுதிகள் சொல்லும்போது, சக்கரம் உள்ளே வர முடியுமா என்பதை மட்டும் மனதில் வைத்துச் சொல்கிறார்கள். துணைக்கு ஆள் இருந்தால் அதுவே போதும். அவர் வண்டியை ஓரம் தள்ளுவார், காலையில் கொண்டுவந்து நிறுத்துவார். தனியாகப் போகிறவருக்கு அறையை அளக்க வேண்டிய நேரம் இரவு இரண்டு மணி. விளக்கு அணைந்திருக்கும்போது கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போய்த் திரும்ப முடியுமா? கதவைத் தானே திறந்து வெளியே வர முடியுமா? விடியும்போது வண்டியில் சார்ஜ் இருக்குமா? அந்த நேரத்தில் ரூம் பாயைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்துவிடுவது, தனியாகத் தங்கியிருக்கும் ஒரு பெண்ணுக்கு அவ்வளவு எளிதான காரியம் இல்லை.

முதல் தடை அறைக்கு முன்பே வந்துவிடும். நம் ஊர்ச் சிறு விடுதிகளில் இருப்பது பெரும்பாலும் ஆறு பேர் ஏறும் லிஃப்ட். இந்தியத் தர நிர்ணயப்படி அதன் உள் அளவு ஏறத்தாழ 110 சென்டிமீட்டர் அகலம், 100 சென்டிமீட்டர் ஆழம். கதவு 70 சென்டிமீட்டர். பயணத்துக்கென்றே செய்யப்பட்ட சின்ன ஸ்கூட்டர்கூடப் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குக் குறையாத நீளம் இருக்கும், கொஞ்சம் பெரியது 120 சென்டிமீட்டரைத் தொடும். அகலம் 50, 55தான் என்பதால் கதவில் நுழைந்துவிடும், பிறகு பின்சக்கரம் வெளியே நிற்க, கதவு மூடாது. எட்டுப் பேர் லிஃப்டில் சின்ன வண்டி நேராக நிற்கும், திரும்பாது. ஏறியபடியே பின்னோக்கித்தான் இறங்க வேண்டும். அதனால் போனில் நான் முதலில் கேட்பது, “லிஃப்ட் எத்தனை பேருக்கு?” என்பதுதான். உள்ளே எழுதியிருக்கும் என்பதால் இதற்கு மட்டும் சரியான பதில் கிடைத்துவிடும்.

அறைக் கதவின் அகலத்தைக் கேட்டால் “மூணடி இருக்கும் மேடம்” என்பார்கள். ஆசாரி சொல்லும் மூன்றடி பெரும்பாலும் நிலையையும் சேர்த்த அளவு. இருபுறமும் நிலைச்சட்டம் போக, திறந்த கதவின் கனமும் போக, நிகரமாக இரண்டரை அடி மிஞ்சினால் நல்லது. அமெரிக்காவின் அணுகல்தர விதி குறைந்தது 32 அங்குலம் திறப்பு வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டுதல் 900 மில்லிமீட்டர் கேட்கிறது. என் வண்டிக்கு 28 அங்குலமே போதும், ஆனால் அந்த 28 மெய்யான 28 ஆக இருக்க வேண்டும். டேப்பை நிலையின் குறுக்கே பிடித்து வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பச் சொல்வேன். டேப் இல்லை என்றால் தரையைப் படமெடுத்து அனுப்பினால்கூடப் போதும். புதிய கட்டடங்களில் டைல்ஸ் பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை டைல்ஸ் என்று எண்ணிவிடலாம். ஒன்றரை டைல்ஸ் இருந்தால் வண்டி நிற்கும், ஒன்றுதான் என்றால் இறங்கி நிற்க இடமிருக்காது.

திரும்புவது தனிக் கதை. சக்கர நாற்காலி நின்ற இடத்திலேயே சுழலும். அதற்காகத்தான் 1,525 மில்லிமீட்டர் வட்டம் என்று அமெரிக்க விதியில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஸ்கூட்டர் அப்படிச் சுழலாது, ஆட்டோ திரும்புவதுபோல வளைந்துதான் வரும். நான்கு சக்கர வண்டிக்கு இன்னும் பெரிய வளைவு வேண்டும். அந்த வட்டம் இருக்கும் ‘ஏற்ற’ அறையிலும் முன்னும் பின்னுமாக மூன்று நான்கு தடவை ஒடித்துத்தான் திருப்ப வேண்டியிருக்கும். எனக்குக் கைவந்த வழி, வராந்தாவிலேயே திருப்பிக்கொண்டு பின்னோக்கி அறைக்குள் நுழைவது. நாள் முழுக்க அலைந்துவிட்டு வருகையில் இது சிரமம்தான். ஆனாலும் காலையில் நேராக வெளியே போகலாம், அவசரமென்றாலும் நேராகப் போகலாம்.

அறைக் கதவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அகப்பட்டுக்கொண்டது இங்கேதான். விடுதிக் கதவுகள் தீ பரவாமலிருக்கத் தானே மூடிக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. கனமானவை, பெரும்பாலும் உள்பக்கம் திறப்பவை. வரும்போது சாவி அட்டையைக் காட்டிவிட்டு முட்டித் தள்ளிக்கொண்டு போய்விடலாம். வெளியே வரும்போது கதவை நம்மை நோக்கி இழுக்க வேண்டும், கதவு வந்து நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்கும். வண்டியைப் பின்னுக்கு நகர்த்தினால் கைப்பிடி எட்டாது. கைப்பிடி இருக்கும் பக்கத்தில், கதவையொட்டிச் சுவரோரம் ஒன்றரை அடி காலியிடம் இருந்தால் வண்டியை அதில் ஒதுக்கிக்கொண்டு கதவை இழுக்கலாம். அமெரிக்க விதி 18 அங்குலம் கேட்பது இதற்காகத்தான். நம் விடுதிகளில் அந்த ஒன்றரை அடியில் அலமாரி நிற்கும், இல்லை கழிப்பறைச் சுவர் நிற்கும். ஓர் ஊரில் காலை ஏழு மணி ரயிலுக்குக் கிளம்பி, கதவுக்கு உள்ளேயே இருபது நிமிடம் நின்றேன். கடைசியில் போன் செய்துதான் வெளியே வந்தேன். இப்போது பையில் ஆப்பு வடிவ மரக்கட்டை ஒன்றும், நாலடி நீளக் கெட்டித் துணிநாடா ஒன்றும் இருக்கின்றன. நாடாவை முடிச்சுப் போட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட்டால் வண்டி பின்னால் நிற்கும்போதே கதவை இழுக்கலாம், இடுக்கு விழுந்ததும் கட்டையைச் செருகலாம்.

அறைக்குள் வந்ததும் பெட்டியைத் திறப்பதற்கு முன் வண்டியின் இரவு இடத்தை முடிவுசெய்துவிட வேண்டும். படுத்த பிறகு அதை நகர்த்த யாரும் கிடையாது. எந்தப் பக்கம் எழுந்திருக்கும்போது நம் பலமான கால் முதலில் தரையில் ஊன்றுமோ அந்தப் பக்கம். இருக்கை பெரும்பாலான வண்டிகளில் பக்கவாட்டில் சுழலும். கட்டிலை நோக்கித் திருப்பி, பூட்டு விழும் ‘டக்’ சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இறங்கலாம். தடிமனான மெத்தைமேல் இன்னொரு மெத்தை போட்டுக் கட்டிலை உயர்த்திவைப்பது விடுதிகளுக்கு அழகாக இருக்கிறது. கால் தரையில் படாதவருக்கு அது ஏறவும் இறங்கவும் ஆபத்து. மேல்மெத்தையை எடுத்துவிடச் சொல்லலாம். நான் கேட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இறங்குவதற்கு முன் சாவியை அணைக்க வேண்டும். இது உயிர்ப் பிரச்சினை. எழும்போது பிடிமானத்துக்குக் கை தானாகக் கைப்பிடியைத் தேடும், விரல் நெம்புகோலில் பட்டால் வண்டி பாய்ந்துவிடும். கட்டிலும் சுவரும் நெருக்கும் இடத்தில் அந்த ஒரு பாய்ச்சல் போதும் எலும்பு முறிவதற்கு. அதேபோல, வண்டியைக் கையால் தள்ளுவதற்காக மோட்டாரைக் கழற்றிவிடும் நெம்புகோல் ஒன்று பின்னால் இருக்கும். அதை விடுவித்துவிட்டால் பிரேக்கும் கிடையாது. உதவி செய்ய வந்த ஊழியர் தள்ளிவிட்டு அப்படியே விட்டுப் போயிருந்தால், உட்காரும்போது வண்டி நழுவும். யார் தொட்டிருந்தாலும் அந்த நெம்புகோலை ஒருமுறை பார்த்துவிடுவேன்.

கழிப்பறைக்குள் வண்டி போகாது. இரண்டரை அடிக் கதவில் நிலை போக மிஞ்சுவதில் நுழைந்தாலும் உள்ளே திரும்ப வழியில்லை. தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் ஒரு கட்டு வேறு கட்டியிருப்பார்கள். ஆகவே கைத்தடி அல்லது வாக்கர் கட்டிலுக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கட்டிலிலிருந்து கழிப்பறை வாசல்வரை எத்தனை அடி என்று பகலிலேயே நடந்து பார்த்துவிட வேண்டும். ஈரத் தரைக்கு ஒரு ரப்பர் விரிப்பும், உட்கார்ந்து குளிக்க பிளாஸ்டிக் நாற்காலியும் கேட்டால் எந்த விடுதியிலும் கிடைக்கும்.

இனி சார்ஜ். ஈய-அமில பேட்டரி நிறைய எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகலாம். இரவு முழுக்க மின்சாரம் வேண்டும் என்று அர்த்தம். விடுதி அறைகளில் சாவி அட்டையைச் செருகினால்தான் மின்சாரம், எடுத்தால் எல்லாம் அணைந்துவிடும். மாலையில் சார்ஜரைப் போட்டுவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு கீழே சாப்பிடப் போகிறவர் அட்டையை எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வரும்போது பேட்டரி போனபோது இருந்தபடியே இருக்கும். இரண்டாவது அட்டை கேட்டு வாங்கிச் செருகியே வைத்துவிடலாம். குட்டி ஃபிரிட்ஜ் இருந்தால் அதன் பிளக் பாயின்ட் பல விடுதிகளில் அட்டை எடுத்த பிறகும் உயிரோடிருக்கும். பாயின்ட் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்பதால் நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கையோடு வேண்டும். அந்த வயர் கழிப்பறைக்குப் போகும் வழியில் குறுக்கே ஓடக் கூடாது. வெளிநாடு போகிறவர்கள் சார்ஜரின் முதுகைப் படித்துவிட வேண்டும். 230 வோல்ட் மட்டும் ஏற்பது அமெரிக்காவின் 120 வோல்டில் வேலை செய்யாது, அங்கே வாங்கிய 120 வோல்ட் சார்ஜர் இங்கே புகைந்துவிடும். 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும்.

“வண்டியை ராத்திரி கீழ ரிசப்ஷன்லயே சார்ஜ் போட்டு வெச்சிடறோம் மேடம்” என்று அன்போடுதான் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. என் கால்களை லாபியில் விட்டுவிட்டு மூன்றாவது மாடியில் நான் தூங்க முடியாது. கழற்றக்கூடிய பேட்டரி என்றாலும் ஈய-அமிலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம்மால் நடக்க முடியாது. லித்தியம் பேட்டரி இரண்டு மூன்று கிலோதான். விமானத்தில் போவதற்கும் பேட்டரியின் அளவு கணக்கில் வரும். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி 300 வாட்-அவருக்கு மேற்படக் கூடாது என்பது விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் விதி. வோல்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் அந்த எண் கிடைக்கும். 24 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 240.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும் பொதுக் கட்டடம் என்றே வரையறுக்கிறது. நட்சத்திரத் தகுதி கேட்கும் விடுதியில் ஓர் அறையாவது ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது மத்திய சுற்றுலா அமைச்சகம். ஆனால் நட்சத்திரம் கேட்பது அவரவர் விருப்பம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலிருக்கும் லாட்ஜ் கேட்பதில்லை. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் அளவுகளை வெறும் பரிந்துரையாக விட்டிருந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாயமான விதிகளை வகுக்க அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. எனக்கு அதைவிட உடனே பயன்படுவதாகத் தோன்றுவது அமெரிக்காவில் 2012 மார்ச் 15 முதல் நடைமுறையில் இருக்கும் முன்பதிவு விதி. ஏற்ற அறையில் என்னென்ன இருக்கிறது என்று விடுதி விவரமாகச் சொல்ல வேண்டும், அதே வகையின் மற்ற அறைகள் தீரும்வரை அதை வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது, பதிவுசெய்த அறையையே தர வேண்டும். இதற்குக் கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அறையின் படங்களுக்குக் கீழே கதவின் அகலம், லிஃப்டின் ஆழம், கட்டிலின் உயரம் என மூன்று எண்களை எழுதினால் எங்கள் பாதிப் பயணம் சுலபமாகிவிடும்.

தரைத்தளமோ முதல் மாடியோ கிடைத்தால் வசதி குறைந்த அறையானாலும் அதையே எடுத்துக்கொள்கிறேன். தீ என்றால் லிஃப்ட் கிடையாது, படிக்கட்டில் வண்டியும் கிடையாது. இரவுப் பணிக்கு வருபவர் பகலில் இருந்தவர் இல்லை என்பதால் பத்து மணிக்கு மேல் ரிசப்ஷனுக்குப் போன் செய்து, “இந்த ரூம்ல இருக்கிறவங்களால படி இறங்க முடியாதுன்னு எழுதி வெச்சுக்குங்க தம்பி” என்று சொல்வேன். பிறகு கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே செருப்போ பையோ வயரோ கிடக்கவில்லை என்று பார்த்துவிட்டு, சாவியை அணைத்து, சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் படுப்பேன்.