மேய்ச்சல் காடு கட்டுப்படியாகுமா? கொறங்காடு சொல்லும் கணக்கு

திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் மாடு வைத்திருப்பவர்களுக்கு மேய்ச்சல் நிலம் என்று எதுவும் மிச்சமில்லை. பால் கறந்ததும் மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிடுகிறார்கள். மாநகராட்சி பிடித்துப்போனால் அபராதம் கட்டி மீட்கிறார்கள். பால் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகும்போது, அவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. இந்தத் தீவனச் செலவுக்குக் கொங்கு விவசாயிகள் தலைமுறைகளாக ஒரு விடை வைத்திருக்கிறார்கள். அது கொறங்காடு.

கொறங்காடு என்பது என்ன?

காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் உள்ள வேலியடைத்த மேய்ச்சல் நிலம். பெரும்பாலும் சொந்தப் பட்டா நிலம் என்பதால் வனத்துறையிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆண்டு மழை சுமார் 600 மி.மீ.தான்; அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். வெள்ளாமைக்குப் போதாத அந்த மழை கொழுக்கட்டைப் புல்லுக்குப் போதும். காய்ந்து கிடந்தாலும் ஒரு மழைக்குத் தூரிலிருந்து துளிர்த்துவிடும். ஊடே நிற்கும் வெள்வேல மரங்கள் நிழல் தருகின்றன. புல் தீரும் கோடையில் அவற்றின் காய்கள்தான் ஆட்டுக்குத் தீனி.

வேலிதான் இதன் உயிர். மழைக்காலத்தில் கிளுவைப் போத்துகளை வெட்டி நெருக்கமாக நட்டால் வேர்பிடித்துவிடும். முள்ளும் கிளையும் பின்னிக்கொண்டபின் ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாது. படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பவர் கூடவே நிற்க வேண்டியதில்லை, கூலி மிச்சம்.

வருமானம் எங்கிருந்து வருகிறது?

மேச்சேரி ஆட்டுக் குட்டிகள், காங்கேயம் கன்றுகள், எருமைப் பால், முற்றிய வெள்வேல மரம், காட்டைக் குத்தகைக்கு விட்டால் குத்தகைப் பணம் என்று பல வழிகளில் சிறுகச் சிறுக வருகிறது. எதுவும் பெரிய தொகை இல்லை. ஆனால் உரம், பூச்சிமருந்து, பாசனம் என்ற செலவும் இல்லை. கடன் வாங்காமல் நடக்கும் தொழில் என்பதே இதன் பலம்.

பிறகு ஏன் குறைந்து வருகிறது?

உழவும் பாரவண்டியும் டிராக்டருக்கும் லாரிக்கும் போனதும் காங்கேயம் காளையின் சந்தை சுருங்கியது. பசு கறப்பதோ நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர்தான். ஞாயிறுதோறும் கூடும் பழையகோட்டை மாட்டுச் சந்தையும் சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுத்தாவணியும் இந்த இனத்தைத் தாங்கி நிற்கின்றன. அடுத்து, நிலத்தின் விலை. காற்றாலைக்கோ வீட்டுமனைக்கோ ஒரே தடவையில் கிடைக்கும் தொகையை மேய்ச்சல் வருமானத்தால் எட்ட முடியாது. பாகப்பிரிவினையில் காடு துண்டாகிறது. துண்டான காட்டில் மாற்றி மாற்றி மேய்க்க முடியாது. பிள்ளைகளுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி மாதச் சம்பளம் தருகிறது. அடுத்தடுத்து மழை பொய்த்தால் உருப்படிகளை வந்த விலைக்கு விற்க வேண்டியதுதான்.

வெளிநாட்டில் எப்படி?

ஸ்பெயினின் தெஹேசா, போர்ச்சுகலின் மொண்டாடு ஆகியவையும் மரமும் புல்லும் கால்நடையும் சேர்ந்த மேய்ச்சல் காடுகளே. அங்கே ஓக் விதை தின்று வளரும் பன்றியின் இறைச்சிக்குத் தனி விலை உண்டு. மரத்திலிருந்து சுமார் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை தக்கை உரிக்கிறார்கள். அதற்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் மானியமும் வருகிறது. அப்படியிருந்தும் பல பண்ணைகள் திணறுகின்றன. மேய்ச்சலை மட்டும் நம்பி இந்த நிலம் நிற்காது என்பதே அங்கு கிடைக்கும் பாடம்.

என்ன செய்ய வேண்டும்?

கொறங்காடு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். நிலத்தின் சந்தை விலையோடு மட்டும் அதனால் போட்டியிட முடியாது. அந்த இடைவெளியை அரசு நிரப்ப வேண்டும். வேலி புதுப்பிக்க, கொழுக்கட்டை விதை தூவ, வெள்வேல மரத்தை வெட்டாமல் நிறுத்த ஏக்கர் கணக்கில் ஊக்கத்தொகை தரலாம். மேய்ச்சலில் வளர்ந்த ஆட்டுக்கறிக்கு அடையாளமும் நியாயமான விலையும் கிடைக்கச் செய்யலாம். அந்த விலையைக் கொடுக்க வேண்டியவர்கள் ராயபுரத்தில் ஞாயிறு காலை கறிக்கடையில் நிற்கும் நாமும்தான். மேய்ச்சல் நிலத்தை இழந்த ஊர் மாட்டை எங்கே நிறுத்தும் என்பதற்கு வடசென்னைத் தெருக்களே சாட்சி. காங்கேயத்துக்கு அந்த நிலை வரக்கூடாது.