டி.ஆர்.எம்.முக்கு ஒரு பேட்ச்!

சூரமங்கலத்தில் 'டி.ஆர்.எம். ஆபீஸ்' என்றால் சின்னக் குழந்தைகூட ஜங்ஷன் பக்கம் கை காட்டும். 2007-ல் சேலம் ரயில்வே கோட்டம் உருவானதிலிருந்தே அப்படி. எங்கள் மாடி வீட்டு அம்மா அன்றைக்கு ஏக சந்தோஷத்தில் வந்தார். "பையன் டி.ஆர்.எம்.முக்கு என்னமோ அனுப்பியிருக்கானுங்க. ஆர்டர் எப்ப வரும்னு விசாரிச்சுச் சொல்லுங்களேன்!"

விசாரித்தேன். இது வேற டி.ஆர்.எம்.! டைரக்ட் ரெண்டரிங் மேனேஜர். லினக்ஸ் கெர்னலுக்குள் கிராபிக்ஸ் சிப், மானிட்டர் இத்யாதிகளை மேய்க்கிற இலாகா. அதற்கு நாலு வரித் திருத்தம் அனுப்பிவிட்டு, பதிலுக்குத் தவம் கிடக்கிறான் பையன். சம்பளம்? பூஜ்யம். இதை அந்த அம்மாவிடம் யார் சொல்வது!

ஆனால், வேலை லேசுப்பட்டதில்லை சார். கேபிளைச் செருகியதும் டிஸ்ப்ளே டிரைவர், மானிட்டரிடம் ஜாதகம் கேட்கும். 'ஈ.டி.ஐ.டி.' என்று பெயர். அடிப்படைக் கட்டம் 128 பைட். நான் இன்ன கம்பெனி, இத்தனை புள்ளி தாங்குவேன் என்ற விவரமெல்லாம் அதில் உண்டு. பொருத்தம் பார்த்த பிறகு புள்ளிகளை ஊட்ட வேண்டும். 1920-க்கு 1080 திரை, புள்ளிக்கு 4 பைட், விநாடிக்கு 60 தடவை. பெருக்கிப் பாருங்கள்... விநாடிக்குச் சுமார் 50 கோடி பைட்! ஒரு எண் பிசகினால் கும்மிருட்டு. 'தப்பு இங்கே' என்று காட்டவும் திரை கிடையாது!

சிப் கம்பெனி கையேடு கொடுத்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. கொடுக்காவிட்டால்? என்விடியா சிப்புகளுக்காக 'நூவோ' குழு செய்தது அசல் சங்கர்லால் வேலை. கம்பெனி டிரைவர் சிப்போடு பேசுவதை ஒட்டுக்கேட்டு, எங்கே எந்த எண்ணை எழுதினால் என்ன நடக்கிறது என்று குறித்துக்கொண்டு, சொந்தமாக ஒரு டிரைவரே எழுதிவிட்டார்கள். 2010-ல் அது கெர்னலில் ஏறியது. 2012-ல் பின்லாந்துக் கூட்டமொன்றில் லினஸ் டோர்வால்ட்ஸ், என்விடியாவுக்கு விரலைக் காட்டித் திட்டியது தனிக்கதை. (எந்த விரல் என்று கேட்காதீர்கள், குடும்பப் பத்திரிகை!) 2022-ல் அந்தக் கம்பெனியே தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்துவிட்டது.

நம்மவர்களும் சளைக்கவில்லை. கேமராவிலிருந்து திரைக்கு, நகலே எடுக்காமல் படத்தைக் கைமாற்றும் 'டி.எம்.ஏ.-பஃப்' 2012-ல் கெர்னலில் சேர்ந்தது. எழுதியவர் சுமித் செம்வால் என்ற இந்தியர்.

"இதுக்கெல்லாம் காஸ்ட்லி கார்டு வாங்கணுமேப்பா?" என்றேன் பையனிடம்.

"வேணாம் சார். வி.கே.எம்.எஸ். இருக்கே!"

இல்லாத மானிட்டரை இருப்பதாகப் பாவித்து ஓடும் டிரைவர் அது. 2018-ல் வந்தது. ஆரம்பத்தில் எழுதிய ஹனீன் முகமது, ரோட்ரிகோ சிக்வேரா இருவருமே பயிற்சித் திட்டங்கள் மூலம் வந்த புதுமுகங்கள்! இன்டெல், ஏ.எம்.டி. கம்பெனிகளில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள் என்பதை மாடி வீட்டு அம்மா காதில் போட்டு வைத்திருக்கிறேன்.

உங்களுக்கும் கை துறுதுறுக்கிறதா? கெர்னலோடு வரும் ஆவணங்களில் கிராபிக்ஸ் பகுதிக்கென்று 'செய்ய வேண்டியவை' பட்டியல் ஒன்று இருக்கிறது. சி மொழி தெரிந்தவர்கள், அதில் 'ஸ்டார்ட்டர்' என்று குறித்திருப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.