காட்போட் பெட்டியில் ஒரு யானை

என் தங்கையின் மகனுக்கு நாலரை வயது. முன்பள்ளி விளையாட்டுப் போட்டியில் வினோத உடை நிகழ்ச்சிக்கு அவனையும் சேர்த்திருந்தார்கள். உடையை வாடகைக்கு எடுக்கலாம்தான். ஆனால் கூலி வேலைக்குப் போகும் தங்கைக்கு அந்தக் காசு பல நாள் கறிச்செலவு. "அண்டைக்குக் காய்ச்சல் எண்டு சொல்லி மறிச்சுப் போடுவம் அக்கா" என்றாள்.

வேண்டாம், பெட்டியில் செய்வோம் என்றேன். என்ன மிருகம் வேணும் என்று அவனிடம் கேட்டோம்.

"புலி, பெரியம்மா."

தங்கை என்னைப் பார்த்தாள். போட்டிக்கு யார் யார் வருவார்கள், யார் படம் எடுப்பார்கள், அந்தப் படம் எங்கே போகும் என்றெல்லாம் எங்கள் இருவருக்கும் மனதில் ஓடியது. "யானை செய்வம். தும்பிக்கை ஆட்டலாம்" என்றேன். தும்பிக்கை என்றதும் சம்மதித்தான்.

செய்த முறையை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் தாய்மாருக்கு உதவக்கூடும்.

பெட்டியைத் தெரிவு செய்தல்

பிஸ்கட், சவர்க்காரம், நூடில்ஸ் வந்த வெறும் பெட்டிகளைக் கடையில் கேட்டு வாங்கலாம். உடலுக்கு ஒரு பெரிய பெட்டி, காதுக்கும் தும்பிக்கைக்கும் ஒரு சிறிய பெட்டி போதும். பூச்சிமருந்தும் களைநாசினியும் வந்த பெட்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் எடுக்க வேண்டாம். நஞ்சு மட்டையில் ஊறியிருக்கலாம்.

மட்டையின் இரண்டு தாள்களுக்கு நடுவே அலை அலையாக இன்னொரு தாள் இருக்கும். அந்த அலைக்கோட்டின் வழியே மட்டை இலகுவாக மடியும். குறுக்கே மடித்தால் கோணலாக முறியும். குறுக்கே மடிக்க வேண்டிய இடத்தில், மை முடிந்த பேனையால் முதலில் அழுத்திக் கோடு கீறுங்கள்.

உடல்

பெட்டியின் அடிப்பக்கத்தை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, மேற்பக்கத்தில் பிள்ளை நுழையும் அளவுக்கு வட்டம் வெட்டுங்கள். பழைய சேலையில் இரண்டு பட்டி கிழித்து, முதுகில் குறுக்காகப் போகும்படி தோளில் மாட்டுங்கள். அப்போது வழுவாது. பட்டி கட்டும் துளைகளுக்கு உட்பக்கம் இன்னொரு மட்டைத் துண்டை ஒட்டாவிட்டால் கிழிந்துவிடும். பெட்டி முழங்காலுக்கு மேலேயே நிற்க வேண்டும். வெட்டிய விளிம்பு தோலைக் கீறும் என்பதால் அதில் துணி ஒட்டுங்கள். ஸ்டேப்ளர் கம்பி வேண்டாம்.

தலை

முதலில் நான் சிறிய பெட்டியில் முகமூடி செய்தேன். போட்டதும் "இருட்டு, இருட்டு" என்று கத்திக் கழற்றி எறிந்துவிட்டான். முகத்தை மூடக்கூடாது என்பதை அப்படித்தான் கற்றேன். பிறகு அவனுடைய பழைய தொப்பியை எடுத்து, இரண்டு பக்கமும் காதுகளை ஒட்டினேன். காதில் அலைக்கோடு தலையிலிருந்து வெளிப்பக்கமாக ஓட வேண்டும். இல்லாவிட்டால் காது தொங்கிவிடும்.

தும்பிக்கைக்கு மட்டையை இரண்டு விரல் அகலத்தில் வெட்டி, வரவரச் சிறிதாகும் எட்டு வளையங்கள் செய்து, இரண்டு நூலில் இடைவெளி விட்டுக் கட்டி, தொப்பியின் முன்நுனியில் தொங்கவிட்டேன். அடி வளையத்தில் கட்டிய நூல் பிள்ளையின் கையில் இருக்கும். அவனே ஆட்டலாம், பார்வையை மறைத்தால் விலக்கலாம்.

பசையும் நிறமும்

ஒரு பங்கு கோதுமை மாவைக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நாலு பங்கு கொதிநீரில் ஊற்றித் தடிக்கும்வரை கிண்டினால் பசை தயார். அடுத்த நாள் புளித்துவிடும் என்பதால் தேவைக்கு மட்டும் காய்ச்சுங்கள். கிழித்த பத்திரிகைத் தாள்களை இரண்டு தரம் ஒட்டி, ஒவ்வொரு தரமும் வெயிலில் காயவிட்டேன். அடுப்புக் கரியை மாப்போல அரைத்துப் பசையில் கலந்து பூசியதும் யானை நிறம் வந்தது. காய்ந்தால் கையில் பெரிதாக ஒட்டாது. சுண்ணாம்பு சேர்க்க வேண்டாம், பிள்ளையின் தோல் எரியும்.

செய்ததை நிலத்தில் வைக்காதீர்கள். 2009இல் செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் நாங்கள் விரித்துப் படுத்ததும் இதே மட்டைதான். ஒரு மழை ஈரத்தில் அது எப்படிக் கூழாகும் என்று தெரியும். கொடியில் கட்டித் தொங்கவிட்டோம்.

முதல் நாளே போட்டுப் பார்க்க வேண்டும். நடக்க முடிகிறதா, குனிய முடிகிறதா, பயம் வந்தால் தானாகவே கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். கடைசி வெள்ளை நகங்களை அவனே ஒட்டினான். அதனால் அது அவன் செய்த யானையாயிற்று.

பரிசு கிடைக்கவில்லை. மைதானத்தை இரண்டு தரம் சுற்றி, எல்லோருக்கும் தும்பிக்கை ஆட்டிவிட்டு வந்தான். தங்கை அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கழற்றும்போது கேட்டான்: "அடுத்த முறை புலி செய்வமா, பெரியம்மா?"

பட்டி முடிச்சு இறுகிவிட்டது என்று சொல்லி, நான் குனிந்து அதை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.