போர்க்கால விமானியின் பணிவரலாற்று ஆவணங்கள்: சொற்பொருளும் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

இரண்டாம் உலகப் போரில், 'பாம்பர் கமாண்ட்' எனப்பட்ட பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் ஏறத்தாழ 1,25,000 பேர் விமானக் குழுவினராகப் பணியாற்றினர். அவர்களுள் 55,573 பேர் உயிரிழந்தனர். இவர்களுள் ஒருவரது பணிவரலாற்றைத் தொகுக்க முற்படுவோர்க்கு ஆவணங்கள் ஓரளவு நிறைவாகவே கிடைக்கின்றன. ஆயினும் அவற்றின் மொழி பொதுமொழி அன்று. நாம் அன்றாடம் வழங்கும் சொற்களே அவற்றில் வரையறுத்த பொருளில் ஆளப்பட்டுள்ளன. இவ்வேறுபாட்டை உணராது மொழிபெயர்ப்பின், ஒருவர் செய்யாத பணி அவருக்கு ஏற்றப்படும்; உயிரோடிருந்தவர் இறந்தவராகவும் ஆகிவிடக்கூடும். இக்கட்டுரை அத்தகைய சொற்கள் சிலவற்றை ஆராய்ந்து, அவற்றைத் தமிழில் பெயர்க்கும் நெறியைக் கூற முயல்கிறது. எடுத்துக்காட்டாகக் கை கிப்சன் என்னும் விமானியின் வரலாறு கொள்ளப்படுகிறது. இவர் 1918-இல் சிம்லாவில் பிறந்தவர், 1943-இல் ஜெர்மனியின் அணைகளைத் தாக்கிய 617-ஆம் ஸ்குவாட்ரனின் தலைவர், 1944-இல் மறைந்தவர்.

1. ஆவணங்களின் இயல்பு

1.1 ஒரு விமானியின் வரலாற்றுக்கு அடிப்படையானவை இரண்டு. ஒன்று, அவர் தம் கையாலேயே எழுதிவந்த பறப்புப் பதிவேடு. நாள், விமான வகை, விமான எண், பணி, பகலிலும் இரவிலும் பறந்த நேரம் ஆகியன அதில் இடம்பெறும். மற்றொன்று, ஸ்குவாட்ரனின் செயற்பாட்டுப் பதிவேடு. இதன் 540-ஆம் எண் படிவம் அன்றாட நிகழ்ச்சிகளை உரைநடையில் தருவது. 541-ஆம் எண் படிவம் விமானந்தோறும் குழுவினர் பெயர், புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம், நிகழ்ந்தது ஆகியவற்றை நிரல்படுத்துவது. இப்பதிவேடுகள் இலண்டனின் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன. அதிகாரியாக அமர்த்தம், பதவி உயர்வு, விருது ஆகியவற்றுக்கு 'இலண்டன் கெசட்' சான்றாகும்.

1.2 இரவுத் தாக்குதல்கள் இரு நாள்களுக்குரியனவாக '16/17' என்றாற்போலக் குறிக்கப்படும். அணைத் தாக்குதலுக்கு விமானங்கள் 1943 மே 16 இரவு புறப்பட்டன. மோனே அணை உடைந்தது 17-ஆம் நாள் நள்ளிரவு கடந்த பின்னரே. ஓர் ஆவணத்தில் 16 என்றும் மற்றொன்றில் 17 என்றும் காணப்படுவது முரண்பாடு அன்று.

1.3 படைவீரர் நிலையிலிருந்து அதிகாரியாக உயர்ந்தவர்க்குப் புதிய பணியெண் வழங்கப்பட்டது. எனவே இரு எண்கள் இரு மனிதரைக் குறிக்கும் எனக் கருதுதல் பிழையாகும். அவ்வாறே, ஒருவரது பணியிடத்தின் ஏட்டிலேயே அவரது பறப்புகள் அனைத்தும் இருக்கும் எனவும் கொள்ளுதல் இயலாது. கிப்சன் இறுதியாகப் பறந்தபோது கோனிங்ஸ்பி தளத்தில் அலுவல் பொறுப்பில் இருந்தார்; அவர் ஓட்டிய மொஸ்கிட்டோ விமானமோ 627-ஆம் ஸ்குவாட்ரனுக்கு உரியது.

2. பதவிப்பெயர்கள்

'பைலட் ஆபீசர்' என்பதை 'விமானி அதிகாரி' எனப் பெயர்ப்பது பெரும்பிழைக்கு இடந்தரும். அது அதிகாரிகளின் தொடக்கநிலைப் பதவியின் பெயரே. வழிகணிப்பவரும் குண்டு எறிபவரும் அப்பதவியில் இருந்தனர். மறுதலையாக, விமானத்தை ஓட்டியவர் சார்ஜண்டாகவும் இருக்கலாம். அந்நிலையிலும் விமானத்தின் 'கேப்டன்' அவரே. குழுவில் அவரினும் உயர்பதவியினர் இருப்பினும் வானில் ஆணை அவருடையது. ஆகவே பதவி, தொழில், பொறுப்பு ஆகிய மூன்றும் தனித்தனிக் கூறுகள் ஆகும். பதவிப்பெயரை ஒலிபெயர்த்தும், தொழிலையும் பொறுப்பையும் மொழிபெயர்த்தும் வழங்குவதே தக்கது. ஃபிளையிங் ஆபீசர், விங் கமாண்டர் முதலிய பெயர்கள் இந்திய விமானப்படையிலும் வழங்குவதால் ஒலிபெயர்ப்பு நம் படிப்பாளர்க்கு அயலானதன்று.

3. குழூஉக்குறியும் குறியீடும்

3.1 ஒரு குழுவினர் தமக்குள் ஒரு பொருளின் பெயரை மறைத்து வேறு பெயரால் வழங்குவதைத் தமிழ் இலக்கணத்தார் குழூஉக்குறி என்பர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது உரையாசிரியர் காட்டு. விமானப் பதிவேடுகளில் இவ்வழக்கு மிகுதி. 'தோட்டவேலை' என்பது கடலில் கண்ணிவெடி இடுதல். 'காய்கறி' என்பது அக்கண்ணிவெடி. 'நிக்கல்' என்பது துண்டறிக்கை வீசுதல். இவற்றை நேர்ப்பொருளில் பெயர்த்தால் நகைப்புக்கிடமாகும். முற்றிலும் விளக்கப் பொருளிலேயே பெயர்த்தால் மூலத்தின் வழக்கு மறையும். முதல் ஆட்சியில் குறிச்சொல்லை மேற்கோட்குறியுள் தந்து விளக்கமும் இணைத்தல், பின்னர்க் குறிச்சொல்லையே ஆளுதல் என்னும் முறை ஏற்புடையது.

3.2 ஒரே சொல் சூழலால் பொருள் வேறுபடுதலும் உண்டு. 'டிங்கி' என்பது பொதுவாகக் கடலில் விழுந்த குழுவினர் உயிர்பிழைக்கப் பயன்படும் ரப்பர்ப் படகு. அணைத் தாக்குதலன்று வானொலியில் அனுப்பப்பட்ட 'டிங்கி' என்னும் சொல்லோ ஈடர் அணை உடைந்தது என்பதற்குரிய குறி. ஒரு செய்தியில் துயரும் மற்றொன்றில் வெற்றியும் அச்சொல்லின் பொருளாகின்றன.

3.3 எழுத்தளவிலும் இவ்வேறுபாடு உண்டு. கிப்சன் அன்று ஓட்டிய லங்காஸ்டரின் எண் 'ஈடி 932/ஜி'. அதன் அடையாளக் குறி 'ஏஜே-ஜி'. பின்னதில் உள்ள 'ஜி' ஸ்குவாட்ரனுக்குள் அவ்விமானத்துக்குரிய எழுத்து. முன்னதில் உள்ள 'ஜி' தரையில் நிற்கும்போது எப்பொழுதும் காவல் வேண்டும் என்பதைக் குறிப்பது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஒன்றை நீக்கிவிடுதல் ஆகாது.

4. 'திரும்பவில்லை' என்னும் தொடர்

4.1 இவ்வாவணங்களில் அடிக்கடி காணப்படுவதும் மிகுந்த கவனத்துக்குரியதும் 'ஃபெயில்ட் டு ரிட்டர்ன்' என்னும் தொடர். இதனைத் 'திரும்பத் தவறினார்' எனப் பெயர்ப்பின் இரு குற்றங்கள் நேரும். தமிழில் 'தவறு' என்னும் வினை பிழைசெய்தலையும் குறிக்கும். 'தவறிவிட்டார்' என்னும் வழக்கில் இறத்தலையும் குறிக்கும். மூலத்தொடரில் இவ்விரண்டும் இல்லை. எதிர்பார்த்தது நிகழவில்லை என்பதே அதன் பொருள். 'திரும்பவில்லை' என்னும் எளிய எதிர்மறையே அதற்கு நேரானது.

4.2 எழுவாயும் நோக்கத்தக்கது. 541-ஆம் படிவத்தில் இத்தொடருக்கு எழுவாய் பெரும்பாலும் விமானமே. 'இவ்விமானம் திரும்பவில்லை' என்னும் அஃறிணைத் தொடரை 'இவர் திரும்பவில்லை' என உயர்திணையாக்கும்போது, ஊர்தியைப் பற்றிய செய்தி மனிதரின் முடிவைப் பற்றிய கூற்றாகிவிடுகிறது.

4.3 இத்தொடரை மங்கலவழக்கு எனக் கருதுவாரும் உளர். செத்தாரைத் 'துஞ்சினார்' என்பது போல, மாண்டமையை மறைத்துக் கூறியது என்பது அவர் கருத்தாகலாம். அது பொருந்தாது. மங்கலவழக்கில் கூறுவோன் உண்மையை அறிந்தே வேறு சொல்லால் கூறுகிறான். இங்கு எழுதியவர்க்கு உண்மை தெரியாது. தெரிந்த அளவையே எழுதினார். அணைத் தாக்குதலே இதற்குச் சான்று. அன்று 19 விமானங்களில் 133 பேர் சென்றனர். 8 விமானங்கள் திரும்பவில்லை. அவற்றில் இருந்தோர், விமானத்துக்கு எழுவராக, 56 பேர். அவர்களுள் 53 பேர் இறந்தனர். 3 பேர் உயிருடன் சிறைப்பட்டனர். 'திரும்பவில்லை' என்பதை 'மாண்டனர்' எனப் பெயர்ப்பவர் அம்மூவரையும் கொன்றவர் ஆவார்.

4.4 ஆவணங்களில் இவ்வறிவுநிலை படிப்படியாக மாறிச்செல்வதைக் காணலாம். முதலில் 'காணாமற்போனார்', பகைநாட்டிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் வழிச் செய்தி வரின் 'சிறைப்பட்டார்' அல்லது 'இறந்ததாக நம்பப்படுகிறது', நெடுநாள் செய்தியே இன்றேல் 'இறந்ததாகக் கொள்ளப்பட்டார்'. இறுதியிற் கூறியது எவரும் கண்டு உரைத்தது அன்று, அலுவல்முறைத் தீர்மானம். இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடரை வரையறுத்துக்கொண்டு, நூல் முழுதும் மாற்றாது ஆளுதல் வேண்டும்.

4.5 கிப்சனின் இறுதியும் இதனை விளக்கும். 1944 செப்டம்பர் 19 இரவு அவரது விமானம் நெதர்லாந்தின் ஸ்டீன்பெர்கனில் வீழ்ந்தது. அவரும் உடன்சென்ற வழிகணிப்பவரும் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். பிரித்தானிய ஆவணத்திலோ அவர் முதலில் காணாமற்போனவராகவே இடம்பெற்றார். நிகழ்ச்சி ஒன்றே, அறிந்தோரின் அறிவளவு வேறு.

5. எண்ணிக்கையும் சொற்பொருளும்

1943-இல் கிப்சனுக்கு விக்டோரியா கிராஸ் விருது வழங்கிய அறிவிப்பு, அவர் 170-க்கு மேற்பட்ட 'சார்ட்டி'களை முடித்தவர் என்கிறது. இதனைக் 'குண்டுவீச்சுத் தாக்குதல்கள்' எனப் பெயர்ப்பது பொருந்தாது. 'சார்ட்டி' என்பது ஒரு விமானம் ஒருமுறை போர்ப்பணிக்குச் சென்றுவருதல். 83, 106-ஆம் ஸ்குவாட்ரன்களில் குண்டுவீச்சுப் பணியாற்றிய கிப்சன், இடையில் 29-ஆம் ஸ்குவாட்ரனில் இரவுப்போர் விமானியாகவும் இருந்தார். அக்காலக் காவற்பறப்புகளும் அவ்வெண்ணிக்கையில் அடங்கும். 'போர்ப்பறப்பு' என்னும் ஆக்கம் இரண்டையும் தழுவுவதால் ஏற்றதாகும்.

6. முடிவுரை

பணிவரலாற்று ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் சொல்லின் பொருளோடு அதனை எழுதியவரின் அறிவளவையும் பெயர்க்கக் கடமைப்பட்டவர். மூலம் ஐயுற்ற இடத்தில் பெயர்ப்பும் ஐயுறுதல் வேண்டும்; மூலம் துணிந்த இடத்திலேயே அது துணியலாம். 1953-இல் இங்கிலாந்தின் ரன்னிமீடில் திறக்கப்பட்ட நினைவகத்தில், கல்லறை அறியப்படாத வான்படையினர் 20,000-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் பலரைப் பற்றி ஆவணம் கூறும் கடைசிச் செய்தி 'விமானம் திரும்பவில்லை' என்பதே. அதனினும் மிகுத்துக் கூறுதற்கு மொழிபெயர்ப்பாளர்க்கு உரிமை இல்லை. குறைத்துக் கூறுதற்கும் இல்லை.