நெஞ்சு நோவு என்றுதான் சொல்வார்கள்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து ஆண்களிடம் மனக்கவலை உண்டா என்றால் 'ஒன்றுமில்லை' என்பார்கள். நெஞ்சு நோவு, தலையிடி, நித்திரையின்மை என்றால் பேசுவார்கள். யுத்தமும் 2004 ஆழிப்பேரலையும் கண்ட கரை இது.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் பின்னர் கம்போடியாவிலும் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், இந்த உடல்நோவைப் பொய்யென ஒதுக்கவில்லை. துயரத்தின் மொழியாகவே வாசித்தார். தளர்வுப் பயிற்சிக்கும் அவரவர் வழக்கத்தையே எடுத்தார்: இந்துக்களுக்கு 'ஓம்', முஸ்லிம்களுக்கு திக்ர், கத்தோலிக்கருக்கு செபமாலை. மூவினமும் வாழும் திருகோணமலைக்கு இது நன்கு பொருந்தும். அழத் தயங்கும் ஆணும் மூச்சைக் கவனிக்கச் சம்மதிப்பான். சாராயத்தைப் பற்றிய கேள்வி (வீட்டாரின் முதல் முறைப்பாடு அதுதான்) பிறகு வரட்டும்.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தைத் தமிழிலும் அழைக்கலாம்.